மண்ணில் கிடைத்தவை – 14: ஓட்டாஞ்சில்லு

சென்ற வாரம் உறைகிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தோம். இந்த வாரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பொருள்.

கீழடிக்கு வருகிறவர்கள் பொன்னணிகளையும் தமிழி எழுத்தையும் தேடி வருகிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சாயலில் கட்டி 2023 மார்ச் 5-ல் திறந்த அந்த அருங்காட்சியகத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் என் கால் நின்ற இடம் வட்டச் சில்லுகள் இருக்கும் பெட்டிதான். உடைந்த பானை ஓட்டை ஓரம் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள். அகழாய்வில் நூற்றுக்கணக்கில் கிடைத்தவை.

ஒவ்வொரு சில்லும் முன்பு ஒரு பானை. அதிலிருந்து தொடங்குவோம். கீழடியில் குவியல் குவியலாகக் கிடைப்பது கருப்பு சிவப்புப் பானை. சூளையில் கவிழ்த்து அடுக்குவார்கள். காற்றுப் படாத உட்புறமும் வாய் விளிம்பும் கறுத்துப்போகும். காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவக்கும். இரண்டு நிறமும் ஒரே நெருப்பில் வந்தவை.

பானை வீட்டுக்கு வந்ததும் யாரோ கூரான ஒன்றை எடுத்து அதன் தோளில் பெயர் கீறுகிறார்கள். ‘ஆதன்’ என்று ஓர் ஓட்டில். ‘குவிரன்’ என்று இன்னொன்றில். ஈர மண்ணில் எழுதியிருந்தால் குயவர் எழுதியது எனலாம். இவை சுட்ட பிறகு கீறியவை. கையெழுத்தும் ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. அப்படியென்றால் பானையை வாங்கியவர்களே எழுதத் தெரிந்தவர்கள் என்பது மாநிலத் தொல்லியல் துறையின் 2019 அறிக்கை முன்வைக்கும் கருத்து. அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கரிமப் பகுப்பாய்வு சொன்னது. எழுத்துக்கும் அதே வயதா என்ற வாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை. எனக்கோ காலத்தைவிட அந்தக் கைதான் பெரிதாகத் தெரிகிறது. இது என் பானை என்று கீறிவைத்த கை.

ஒரு நாள் பானை உடைகிறது. வீட்டில் யாருக்கோ திட்டு விழுந்திருக்கும். ஓடுகள் புழக்கடைக்குப் போகின்றன. பிள்ளைகள் கண் அங்கேதான்.

பாண்டி ஆடத் தேய்த்தெடுத்த ஓட்டுத் துண்டுக்கு எங்கள் தெருவில் ஓட்டாஞ்சில்லு என்று பெயர். நல்ல ஓடாகப் பொறுக்கி, கருங்கல் படியில் சரசரவென்று தேய்ப்போம். அதிகம் தேய்த்தால் கனம் குறைந்துவிடும். எறிந்த கட்டத்தில் நிற்காமல் வழுக்கி ஓடும். தேய்க்காவிட்டால் முனை தட்டிக் கோட்டின் மேல் விழும். கோட்டில் விழுந்தால் ஆட்டம் போச்சு. அந்த அளவு எங்கள் விரலுக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சில்லுகளின் ஓரத்திலும் அதே அளவைத்தான் பார்த்தேன். எல்லாமே பாண்டி ஆடியவை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. சில எடைக்கல்லாக இருந்திருக்கலாம், சில ஏதாவதொரு சாடிக்கு மூடியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பகடைக்காயும் ஆட்டக்காயும் சுடுமண் பொம்மையும் கிடைத்த ஊர் அது. ஆடத் தெரியாத ஊரல்ல.

ஒரே ஓர் ஆசை எனக்கு. அந்த அருங்காட்சியகத்தின் முற்றத்தில் எட்டுக் கட்டம் போட்டு, பக்கத்தில் பத்து ஓட்டுத் துண்டும் தேய்க்க ஒரு கல்லும் வைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறார்கள். பெட்டியைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ஆடிப் பார்க்கட்டும்.

அடுத்த வாரம் கொந்தகைக்குப் போவோம். கீழடிக்காரர்கள் தங்கள் இறந்தோரைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம்.