பேஸ் பாக்ஸை எங்கே வைப்பது?

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். மாமா மைக் செட் வைத்திருக்கிறார். போன ஆடித் திருவிழாவில் சமுதாயக் கூடத்தில் பாட்டுக் கச்சேரி. மேடைக்கு இருபுறமும் பேஸ் பாக்ஸ், நடுவே 7 மீட்டர் இடைவெளி. நடுவில் உட்கார்ந்தவர்களுக்கு நெஞ்சு அதிர்ந்தது. ஓரத்துப் பெண்களுக்கு பேஸே கேட்கவில்லை. "செட்டு சரியில்ல, பாதிப் பணந்தான்" என்றுவிட்டார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

காரணம் இதுதான் நண்பர்களே. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். 50-ஆல் வகுத்தால், 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டர். ஒரு பாக்ஸைவிட மற்றது 3.5 மீட்டர் தள்ளியிருக்கும் நாற்காலியில், ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் மோதி அமுங்கிவிடும். வால்யூமைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், பிரயோஜனமில்லை. சுவருக்கு 1.75 மீட்டர் முன்னால் வைத்தாலும் இதே வம்புதான். பின்னே போய்த் திரும்பும் அலைக்கு 3.5 மீட்டர் கூடுதல் ஓட்டம்.

"மாமா, ரெண்டையும் ஒண்ணா சுவரோட ஒட்டி வைங்க."

"ரெண்டு பக்கமும் இருந்தாத்தாண்டா செட்டு அழகு!"

இடைவேளையில் ஒருவழியாக நகர்த்தினோம். ஒட்டி வைத்தால் ஒற்றைப் பாக்ஸைவிட 6 டெசிபல் வரை கூடும். சுவரும் கொஞ்சம் தரும். அடுத்த பாட்டுக்கு ஓரத்து ஆயா காதைப் பொத்திக்கொண்டார். பணம் முழுசாக வந்தது.

"எந்த மெக்கானிக்டா சொன்னான்?" என்றார் மாமா. முதலாண்டு பிசிக்ஸ் புத்தகத்தைக் காட்டினேன்.