காணாக்கடியும் கண்ட வைத்தியமும்

பழனி மலைத்தொடரின் வடபுறத்து அடிவாரத்தில், பாலாறு பொருந்தலாறு அணையின் ஈரக்காற்று மாலைதோறும் வந்து தொடும் பாலசமுத்திரத்தில், கோடை விடுமுறை என்பது மாம்பழத்தோடும் பேரக்குழந்தைகளோடும் சேர்ந்தே வருகிற ஒரு பருவம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வலையடித்த ஜன்னல்களுக்குள் பத்து மாதம் வளர்ந்த பிள்ளைகள், வந்து இறங்கிய அன்றே செருப்பை எங்கோ கழற்றியெறிந்துவிட்டுத் தென்னந்தோப்பிலும் வாய்க்கால் கரையிலும் இருட்டும் வரையில் திரிந்து, இரவில் மொட்டைமாடியில் பாய் விரித்து உறங்கி, மறுநாள் காலையில் எழுந்திருக்கும்போது, அவர்களில் ஒருவனுடைய கண்ணிமையோ புறங்காலோ பணியாரம் போல உப்பியிருப்பதைக் காணாத வீடு இவ்வூரில் அபூர்வம்.

சென்ற வைகாசியில் என் உறவினர் வீடொன்றில் அப்படி ஒரு விடியலில் நான் இருக்க நேர்ந்தது. ஐந்து வயதுப் பையன். வலது புறங்கால் சிவந்து, தொட்டால் சுடும்படியாகத் தடித்திருந்தது. அவனுடைய அம்மாயி, "ஒண்ணுமில்ல சாமி, காணாக்கடி, துளி சுண்ணாம்பு வச்சா வத்திப் போயிரும்" என்றாள். அவன் தாயோ, "சுண்ணாம்பெல்லாம் வேண்டாம்மா, வெந்து போயிரும், மெடிக்கல்ல போய் ஒரு டியூபு வாங்கிட்டு வந்துர்றேன்" என்று புறப்பட்டாள். பக்கத்து வீட்டு மாமா, விஷக்கடிக்கு மந்திரிப்பவர் ஒருவர் பெயரைச் சொன்னார். காலுக்குரியவன் எதையும் காதில் வாங்கிக்கொள்ளாமல் அதை வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டிருந்தான்.

காணாக்கடி என்பது அருமையான சொல். கடித்தது எது என்று கண்ணால் காணாத நிலையில், காணாமையையே பெயராக வைத்துவிட்ட நேர்மை அதில் இருக்கிறது. ஆனால் எதையும் காணவில்லை என்று ஒப்புக்கொண்ட வாய், அடுத்த மூச்சிலேயே அது விஷம் என்று தீர்மானித்து, அந்த விஷத்தை முறிக்க மருந்தும் சொல்லிவிடுகிறதே, அங்கேதான் தொல்லை ஆரம்பமாகிறது.

பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அந்த வீக்கத்துக்குக் காரணம் கொசு. அதிலும் பெண் கொசு. இரத்தம் உறைந்துவிடாமல் உறிஞ்சுவதற்காக அது தன் உமிழ்நீரைத் தோலுக்குள் விடுகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்களை அந்நியப் பொருள் என்று கண்டுகொண்ட நம் சரீரம், ஹிஸ்டமின் முதலிய திரவியங்களை அவ்விடத்தில் வெளியிட, நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, தோல் சிவந்து தடித்து அரிக்கிறது. ஆகவே நாம் காண்கிற வீக்கம் பூச்சி கொண்டுவந்து வைத்ததன்று. குழந்தையின் தேகமே சற்று மிகையான உற்சாகத்தோடு செய்துகொண்ட ஏற்பாடு அது.

அப்படியானால், அதே மொட்டைமாடியில் அதே கொசுக்களிடம் அகப்பட்ட அம்மாயிக்கு ஏன் ஒரு தடிப்பும் இல்லை? இதற்கு விடை சொன்னவர் கென்னத் மெல்லன்பி என்னும் ஆங்கிலேயப் பூச்சியியலாளர். கொசுக்கடிக்கு மனிதன் காட்டும் எதிர்வினை ஐந்து படிகளாக மாறிச் செல்கிறது என்று அவர் 1946-ல் எழுதினார். வாழ்நாளில் முதன்முதலாகக் கடிபடும் சிசுவின் தோலில் ஒன்றுமே தெரிவதில்லை. கடிகள் தொடரத் தொடர, கடித்த மறுநாள் தோன்றும் தாமதமான தடிப்பு வருகிறது. அதன்பின் உடனடித் தடிப்பும் தாமதமான தடிப்புமாக இரண்டும் சேர்ந்து வருகின்றன. பிறகு உடனடித் தடிப்பு மட்டும் எஞ்சி, ஏராளமான கடிகளைக் கண்டபின் அதுவும் அடங்கிவிடுகிறது. வாய்க்கால் ஓரத்திலேயே அறுபது வருஷம் வாழ்ந்த அம்மாயி அந்தக் கடைசிப் படியில் நிற்கிறாள். நகரத்துப் பேரன் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இருக்கிறான். போதாதற்கு, ஓர் இனக் கொசுவுக்குப் பழகிய உடம்பு மற்றோர் இனத்துக்கும் பழகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. விடுமுறைக்கு வருகிற குழந்தைகளே அதிகம் வீங்குவதற்கு, "டவுன் புள்ளைக்கு உடம்புல சத்தில்லை" என்று மருமகளின் சமையல்மீது பழி போடும் மாமியார்கள் இதைக் கவனிப்பது நல்லது.

சில குழந்தைகளுக்கு இந்த எதிர்வினை எல்லை கடந்து, கடித்த சில மணி நேரத்திலேயே கையோ காலோ முழுவதும் வீங்கி, இலேசான ஜுரமும் காணக்கூடும். கண்ணிமையில் கடித்தாலோ, அங்குள்ள திசு நெகிழ்ந்தது ஆகையால், காலையில் கண்ணே திறக்காத அளவுக்கு நீர் கோத்துக்கொள்ளும். பார்க்கப் பயங்கரமாக இருக்குமே தவிர, அரிப்பு மிகுந்து வலி குறைந்து, குழந்தை வழக்கம்போல விளையாடிக்கொண்டிருக்குமானால், அது ஓரிரு நாளில் உச்சத்தை எட்டி, ஒரு வாரம் பத்து நாளில் தானாக வடிந்துவிடும்.

அதுவரையில் செய்யவேண்டியவை வெகு சாதாரணமானவை. அவை சாதாரணமாக இருப்பதனாலேயே நமக்கு அவற்றில் நம்பிக்கை பிறப்பதில்லை. கடிவாயைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுவது முதல் காரியம். பிறகு, மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியையோ, துணியில் சுற்றிய பனிக்கட்டியையோ பத்து நிமிஷம் வைத்து எடுத்து, அவ்வாறே நாளில் பலமுறை செய்யலாம். பனிக்கட்டியை வெறும் தோலில் வைத்தல் ஆகாது. வீங்கிய காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால் நீர் இறங்கும். கடையில் கிடைக்கும் இளஞ்சிவப்புக் காலமைன் லோஷன் அரிப்பைத் தணிக்கும். அரிப்பினால் உறக்கம் கெடுமானால், செடிரிசின் போன்ற மருந்தை, வயதுக்கும் எடைக்கும் தக்க அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். இவை எல்லாவற்றையும்விடப் பிரதானமானது நகவெட்டி. கடியைப் புண்ணாக்குவது பூச்சியன்று; வாய்க்கால் மண் அடைந்த பத்து நகங்கள்.

மெடிக்கல் டியூபைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துச்சீட்டு இல்லாமலே நம் ஊர்க் கடைகளில் கைமாறுகிற பல களிம்புகளில் வீரியமிக்க ஸ்டீராய்டும், பூஞ்சைக்கொல்லியும், கிருமிக்கொல்லியும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. இரண்டே நாளில் சிவப்பு மறைவதைக் கண்டு மகிழ்ந்து, அதையே சகல ரோக நிவாரணியாக வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தடவினால், குழந்தையின் மெல்லிய தோல் மேலும் மெலிந்துபோகும். உள்ளே கிருமித்தொற்று இருந்தாலோ அது வெளியே தெரியாமல் வளரும்.

இனி அம்மாயியின் சுண்ணாம்புக்கு வருவோம். அது கடிக்கு மட்டும் ஏற்பட்ட வைத்தியமன்று. குளவி, தேனீ கொட்டுக்கும் இங்கே முதல் மருந்து அதுதான். தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் தணியும் என்ற கணக்கு பள்ளிக்கூட ரசாயனத்துக்குப் பொருந்தலாம். ஆனால் விஷம் தோலுக்கு உள்ளே இறங்கிவிட்டது, சுண்ணாம்பு வெளியே இருக்கிறது. அன்றியும் தேனீ விஷத்தின் கொடுமைக்குப் பெரிதும் காரணமாயிருப்பது மெலிட்டின் என்னும் புரதப் பொருள்; அது காரத்தால் முறிவதன்று. முறிவது குழந்தையின் தோல்தான். வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தையை விடுவதிலும் ஓர் அபாயம் உண்டு: சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடும்போது அது தெறித்துக் கண்ணில் விழுந்து, பார்வையே பறிபோன குழந்தைகளைக் கண் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

தேனீ கொட்டியிருந்தால் கவனிக்கவேண்டியது கொடுக்கை. கொக்கி போன்ற முட்கள் உள்ள அது தோலிலேயே சிக்கித் தங்கி, ஒட்டியிருக்கும் பையிலிருந்து விஷத்தை மேலும் செலுத்திக்கொண்டே இருக்கும். கிள்ளி எடுக்கலாகாது, சுரண்டியே எடுக்கவேண்டும் என்று வெகுகாலம் உபதேசிக்கப்பட்டு வந்தது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இரு வகையிலும் எடுத்துப் பரீட்சித்து, எப்படி எடுத்தாலும் வித்தியாசமில்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று 1996-ல் அறிவித்தார்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஆதலால் மறுபடியும் கொட்டும். மாமரத்து இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு கடித்த வாயில் அமிலத்தைப் பீய்ச்சும். அதற்குத் தண்ணீர் விட்டுக் கழுவுவதே போதும். குப்பைமேனி, மஞ்சள், திருநீறு ஆகியவற்றின்மீது எனக்குச் சண்டை இல்லை. கீறாத தோலில் அவை பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை, சொறிந்து பிளந்த புண்ணில் மட்டும் எந்தப் பொடியையும் பச்சிலையையும் அப்ப வேண்டாம்.

பொறுத்திருக்கக் கூடாத சந்தர்ப்பமும் உண்டு. கொட்டிய சில நிமிஷங்களுக்குள், கடிவாய்க்குச் சம்பந்தமில்லாத இடங்களிலெல்லாம் தடிப்பு எழும்பி, உதடும் நாக்கும் வீங்கி, இளைப்போ வாந்தியோ மயக்கமோ காணுமானால், அங்கே ஈரத்துணிக்கும் இலைக்கும் நேரமில்லை. அனஃபைலாக்சிஸ் என்று ஷார்ல் ரிஷே 1902-ல் பெயரிட்டு, அதற்காகவே 1913-ல் நோபல் பரிசும் பெற்ற அந்த விபரீத ஒவ்வாமைக்கு, தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும் ஔஷதம். 108-ஐ அழைப்பதோ, கிடைத்த வண்டியில் பழனி அரசு மருத்துவமனைக்கு விரைவதோ உடனே நடக்கவேண்டும்.

மற்றோர் அபாயம் நிதானமாக வரும். முதல் நாள் வீக்கம் ஒவ்வாமையினுடையது. இரண்டு மூன்று நாள் கழித்து, தணிய வேண்டிய வேளையில் புதிதாகத் தொடங்கும் சிவப்பு கிருமியினுடையது. அரிப்புப் போய் வலி வந்து, சூடேறி, சீழ் கோத்து, சிவப்புக் கோடு ஒன்று மேல்நோக்கி ஓடி, தொடையிடுக்கில் நெறி கட்டி, ஜுரமும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான உபாயம்: சிவப்பின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் மணியைக் குறித்து வையுங்கள். அடுத்த வேளை, சிவப்பு கோட்டைத் தாண்டியதா, உள்ளே சுருங்கியதா என்பதைக் கோடே சொல்லிவிடும்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இது மெய்யாகவே காணாக்கடி. எலிகள் நடமாடும் புதர்களில் வாழும் ஒருவகை உண்ணியின் இளம்புழு, கண்ணுக்குத் தெரியாத அளவினது, கடிக்கும்போது வலியோ அரிப்போ தருவதில்லை. பத்து நாளுக்குப் பின் கடும் ஜுரமும் தலைவலியும் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போல் கறுத்த, வலியற்ற பொருக்கு ஒன்று இருக்கும். ஸ்க்ரப் டைபஸ் என்னும் இந்த உண்ணிக் காய்ச்சல் தமிழ்நாட்டில் மழைக்குப் பின் வரும் குளிர் மாதங்களில் அதிகம் காணப்படுகிறது. உரிய மருந்து விலை குறைந்தது, சீக்கிரம் கொடுத்தால் சீக்கிரம் குணமாவது. கண்டுகொள்ளாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பொருக்கு அக்குளிலும், காதுக்குப் பின்னாலும், தொடையிடுக்கிலும், அரைஞாண் கயிற்றின் அடியிலும் ஒளிந்திருக்கும். ஆகவே காரணம் தெரியாத ஜுரத்தோடு குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோகும்போது, சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்டு, தோப்பிலும் புதரிலும் திரிந்த செய்தியையும் சொல்லவேண்டும்.

வைகாசிப் பையனின் காலுக்குச் சுண்ணாம்பு வைக்கப்படவில்லை, டியூபும் வாங்கப்படவில்லை. அம்மாயி சற்று மனத்தாங்கலோடு பானைத் தண்ணீரில் தன் பழைய நூல்சேலைத் துண்டை நனைத்து நனைத்து வைத்தாள். தாய் நகம் வெட்டினாள். பேனாக் கோடு மட்டும் என் பங்கு. நான் ஊருக்குக் கிளம்பிய மூன்றாம் நாள் காலையில் அந்த நீலக்கோடு கணுக்காலில் இன்னும் அழியாமல் இருந்தது, வீக்கம் அதற்கு இரண்டு விரற்கடை உள்ளே வற்றியிருந்தது, காலுக்குரியவன் மாமரத்தின் கீழ்க்கிளையில் உட்கார்ந்து முசுறுக் கூடு ஒன்றைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தான்.