அஞ்சறைப் பெட்டியும் அரசு கஜானாவும்

மாதக் கடைசியில் மளிகைக் கடை பாக்கியை நினைத்துக் கையைப் பிசையாத இல்லத்தரசி உண்டா? அப்படிப்பட்ட நாமே, "பட்ஜெட்டெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம், நமக்கெதுக்கு?" என்று பேப்பரில் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிடுகிறோம். நாட்டுக் கணக்கும் நம் வீட்டுக் கணக்கு மாதிரிதான், சகோதரிகளே. கம்பம் பள்ளத்தாக்கில் வேர்விட்ட ஒரு குடும்பத்தின் கதை அதை நன்றாகவே புரியவைக்கும்.

தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில் சின்னமனூரைத் தாண்டினால் உத்தமபாளையம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். அந்த ஊர்க் குடும்பத்தில் 1892-ல் பிறந்தவர் பி.டி.ராஜன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து பாரிஸ்டரானவர். நீதிக் கட்சித் தலைவர்களில் ஒருவர். 1936-ல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாக இருந்தார். அவர் பெயரிலேயே இன்றும் அந்தப் பக்கத்தில் ஒரு கால்வாய் ஓடுகிறது.

அவர் மகன் பி.டி.ஆர். பழனிவேல்ராஜன், 1996 முதல் 2001 வரை சட்டசபை சபாநாயகர். 2006-ல் மந்திரியானார், பதவியேற்ற சில நாட்களிலேயே காலமாகிவிட்டார்.

பேரன் பழனிவேல் தியாகராஜன் அப்போது அரசியலில் இல்லை. திருச்சியில் ரசாயனப் பொறியியல், அமெரிக்காவில் டாக்டர் பட்டம், பிறகு நிர்வாகப் படிப்பு என்று படித்து முடித்து, 2001-ல் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கியில் சேர்ந்திருந்தார். அந்த வங்கி என்னவாயிற்று தெரியுமா? தாங்க முடியாத அளவுக்குக் கடன் வாங்கிக் குவித்து, 2008 செப்டம்பரில் திவாலாகி உலகத்தையே உலுக்கியது! அந்த வருஷமே அவர் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கிக்குப் போய், 2014 வரை சிங்கப்பூரில் இருந்தார். பிறகுதான் ஊர் திரும்பி, 2016-லும் 2021-லும் மதுரை மத்திய தொகுதியில் ஜெயித்தார். 2021 மே மாதம் தமிழ்நாட்டின் நிதி மந்திரி.

இதில் ஒரு வேடிக்கை. அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த ஓ.பன்னீர்செல்வமும் தேனி ஜில்லாக்காரர்தான், பெரியகுளத்துக்காரர். கஜானாச் சாவி, ஒரே சீமையைச் சேர்ந்த இருவருக்குள் கை மாறியது!

புது மந்திரி முதலில் செய்தது, நம் வீட்டுக்கு வந்த புது மருமகள் அடுக்களை டப்பாவையெல்லாம் திறந்து பார்ப்பாளே, அது மாதிரியான காரியம். 2021 ஆகஸ்ட் 9-ம் தேதி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அரசு வாங்கிய கடனைப் பங்கு போட்டால் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்றார். கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

'வருவாய்ப் பற்றாக்குறை' என்று ஒரு வார்த்தை அடிபடும். பயப்படாதீர்கள். பத்து பவுன் சங்கிலியை அடகு வைத்துத் தையல் மிஷின் வாங்கினால், அந்த மிஷின் சம்பாதித்துக் கடனை அடைக்கும். அதே சங்கிலியை அடகு வைத்து அரிசி, பருப்பு வாங்கினால்? அரிசி தீர்ந்துபோகும், வட்டி நிற்கும். அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் துண்டு விழுவதுதான் வருவாய்ப் பற்றாக்குறை. 2020-21-ல் அப்படி விழுந்த துண்டு சுமார் 62,000 கோடி ரூபாய். கொரோனாவில் வருமானம் சுருங்கி, செலவு ஏறிய வருஷம் அது என்பதையும் மறக்கக்கூடாது. அடுத்த வருஷம் அது 46,000 கோடிச் சொச்சத்துக்கு இறங்கியது.

இந்தச் சிக்கனம் நம்மையும் தொட்டது. 2021 தேர்தலில், குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அவருடைய கட்சி வாக்குறுதி தந்திருந்தது. முதல் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைந்தது. அரசு வேலை பார்க்கும் பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 9 மாதத்திலிருந்து 12 மாதமானது. ஆனால் ஆயிரம் ரூபாய் வரவில்லை. "சொன்னாங்களே, எங்கே?" என்று பெண்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தானே? கையில் காசில்லாதவளுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு யுகம்.

கடைசியில் 2023 மார்ச் பட்ஜெட்டில் அதற்கு 7,000 கோடி ஒதுக்கினார். எல்லாருக்கும் அல்ல, தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று வரம்பும் வந்தது. விட்டுப்போனவர்களுக்கு மனத்தாங்கல் இருக்கத்தானே செய்யும்? செப்டம்பர் 15-ல் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குத் திட்டம் தொடங்கியபோது, பணம் ஒதுக்கிய மந்திரி அந்த நாற்காலியில் இல்லை. மே மாதமே தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றப்பட்டிருந்தார்.

மந்திரிகள் வருவார்கள், போவார்கள். கணக்கு மட்டும் நிற்கும். நாளைக்கே உங்கள் வரவு செலவு நோட்டில் கடனுக்கு இரண்டு பத்தி போடுங்கள்: நிலைக்கிற பொருளுக்கு வாங்கியது ஒன்று, தின்று தீர்க்க வாங்கியது ஒன்று. இரண்டாவது பத்தி நீளமாக இருந்தால் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள். அடுத்த பட்ஜெட் வரும்போது பேப்பரின் அந்தப் பக்கத்தையும் விடாமல் படியுங்கள். அங்கே எழுதியிருப்பதும் நம்ம காசுதான்!