மணல் இடுக்கில் வாழும் ஓட்டுடலி
டெரோகைலோகாரிஸ் டிப்பிக்கா
நாப்ஸ்கா கடற்கரை, உட்ஸ் ஹோல், மாசசூசெட்ஸ், அமெரிக்கா

இந்தக் கடற்கரையின் ஈர மணலில், துகள்களுக்கு இடையே நீர் நிற்கும் இடுக்குகளில் வாழும் உயிர் இது. நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். இறால், நண்டு ஆகியவற்றின் தூரத்து உறவு. நிறமற்ற, புழு போன்ற ஒடுங்கிய உடல் இடுக்குகளில் நுழைந்து செல்ல ஏற்றது. உணர்கொம்புகளாலும் தாடைகளாலும் இருபுறத் துகள்களையும் உந்தி நகர்கிறது. துகள்களில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களைச் சுரண்டி உண்கிறது.

ராபர்ட் பென்னாக், டொனால்ட் ஜின் என்ற அமெரிக்க விலங்கியலாளர்கள் 1943-இல் இதை உலகுக்கு அறிவித்தனர். அதுவரை அறியப்பட்ட எந்த வரிசையிலும் இது அடங்கவில்லை. எனவே மிஸ்டகோகாரிடா என்ற புதிய வரிசையையே அவர்கள் உருவாக்கினர். எத்தனையோ பேர் நடந்து சென்ற மணலில் இப்படியொன்று கிடைத்தது விலங்கியலின் பெரும் வியப்புகளுள் ஒன்று. இக்குழு இப்போது வரிசைக்கும் மேலான நிலையில் வைக்கப்படுகிறது. 1951-இல் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து டெரோகைலோகாரிஸ் ரெமானேய் என்ற நெருங்கிய இனம் விவரிக்கப்பட்டது.

இத்தகைய உயிர்களைப் பிரிக்க, மணலை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் ஊற வைப்பார்கள். உயிர்கள் மயங்கிப் பிடியை விட்டதும் மணலைச் சுழற்றிக் கலக்கி, மேல்நீரை மட்டும் நுண்சல்லடையில் வடிப்பார்கள். சல்லடையில் தங்கியதை நுண்ணோக்கியில் பார்த்து, கால்களின் அமைப்பு, உடல் கண்டங்கள், முள்மயிர்கள் ஆகியவற்றைக் கொண்டு இனம் பிரிப்பார்கள்.

மணலில் எண்ணெயும் குப்பையும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.