மேஜர் சரவணன்

மேஜர் மாரியப்பன் சரவணன் (ஆகஸ்ட் 10, 1972 - மே 29, 1999) இந்தியத் தரைப்படை அதிகாரி ஆவார். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த இவர், கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்தார். மறைவுக்குப் பின் இவருக்கு வீர சக்கரம் வழங்கப்பட்டது. போர்க்கால வீரச்செயல்களுக்கு இந்திய அரசு வழங்கும் விருதுகளில் இது மூன்றாவது நிலையில் உள்ளது.

பட்டாலிக் தாக்குதல்

1999 ஆம் ஆண்டு குளிர்காலத்தில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்த பாகிஸ்தான் படையினர், கார்கில் மாவட்டத்தின் மலைமுகடுகளைக் கைப்பற்றியிருந்தனர். அவற்றுள் ஒன்றான ஜுபார் பகுதியை மீட்கும் பணி பீகார் ரெஜிமென்டின் முதலாம் பட்டாலியனுக்குத் தரப்பட்டது. அதில் பணியாற்றிய சரவணன், மே 28 இரவு தம் குழுவினருடன் புறப்பட்டு, மறுநாள் விடியற்காலையில் தாக்குதலைத் தொடங்கினார். ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில், மேலிருந்து சுடும் எதிரியை நோக்கி மறைவிடம் இன்றி ஏற வேண்டியிருந்தது. ராக்கெட் ஏவுகருவியால் எதிரி நிலையைத் தாக்கிய அவர், காயமுற்ற பின்னரும் பின்வாங்காது போரிட்டு உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 26.

உடல் மீட்பு

முகடு எதிரியின் வசமே இருந்ததால் அவரது உடலை உடனே மீட்க இயலவில்லை. குடும்பத்தினர் ஒரு மாதத்திற்கும் மேலாகக் காத்திருந்தனர். ஜூலைத் தொடக்கத்தில் நடந்த தாக்குதல்களின்போதே உடல் மீட்கப்பட்டது. அதே பட்டாலியன் அம்மாதத்தில் ஜுபாரைக் கைப்பற்றியது.

நினைவு

திருச்சிராப்பள்ளி கண்டோன்மென்ட் பகுதியில் இவருக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டுள்ளது. கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்று முன்னாள் படைவீரர்களும் மாணவர்களும் இங்கு மலர் வைத்து அஞ்சலி செலுத்துகின்றனர்.