ஏடுகளில் உறங்கும் முன்னோர்

நம் கடற்கரை ஊர்களில் ஒருவர் தம் பெயரைச் சொன்னதும், "எந்த வீட்டுப் பிள்ளை?" என்பதே பெரியோர் கேட்கும் அடுத்த கேள்வி. பாட்டனார் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். பாட்டனாரின் தந்தை யார், அவர் எந்தத் துறையிலிருந்து வந்து குடியேறினார் என்று கேட்டால் நம்முள் பலரிடம் விடை இல்லை. ஓய்வு நேரத்தில் அவ்விடையைத் தேடுவது பயனுள்ள பொழுதுபோக்கு. அதற்குப் பொருட்செலவும் மிகுதியில்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. பெர்னாந்து, கோமஸ், ரோட்ரிகோ, மச்சாது என்னும் பெயர்களைக் கொண்டு வம்சத்தை முடிவு செய்யலாகாது. 1535-37 ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாகத் திருமறையைத் தழுவியபோது போர்த்துக்கீசியப் பெயர்கள் இங்கே வேரூன்றின. அவை திருமுழுக்கு வழி வந்தவையேயன்றி இரத்த உறவு வழி வந்தவையல்ல. ஆகவே, பெர்னாந்து என்னும் பெயருடைய இரு குடும்பங்கள் உறவினராய் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

தேடலை வீட்டிலிருந்தே தொடங்குவோம். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அன்று கடலில் மூழ்கிய இளைஞர்கள் இன்று எண்பது வயதை எட்டியவர்கள். தோணித் தண்டலாகக் கொழும்புக்குச் சென்றவர் யார், அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா யார், எந்த ஊரில் பெண் எடுத்தோம் என்பவற்றை அவர்களும் நம் பாட்டிமாரும் சொல்ல, உடனுக்குடன் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய திருமண ஓலை, நினைவு அட்டை, கல்லறைக் கல்வெட்டு, வீட்டுப் பத்திரம் ஆகிய யாவும் சான்றுகளே.

அடுத்து, பங்குப் பதிவேடுகள். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் ஒவ்வொரு பங்குக்குருவும் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. நம் நாட்டிலோ பிறப்பு, இறப்புப் பதிவை நாடெங்கும் கட்டாயமாக்கிய சட்டம் 1969-இல்தான் இயற்றப்பட்டது. எனவே, பாட்டனார் காலத்து எளிய மீனவக் குடும்பம் ஒன்றுக்குக் கோவில் ஏட்டைத் தவிர வேறு எழுத்துச் சான்று இல்லாதிருப்பது வியப்பன்று.

அவ்வேட்டை அறிந்தவரிலிருந்து அறியாதவரை நோக்கிப் படிக்க வேண்டும். திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் பெயரும் சொந்தப் பங்கும் கிடைக்கும். அப்பங்குக்குச் சென்றால் திருமுழுக்குப் பதிவில் ஞானப் பெற்றோர் பெயரும் கிடைக்கும். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினரே. திருமுழுக்குப் பதிவின் ஓரக்குறிப்பையும் தவறவிடலாகாது. பத்தாம் பத்திநாதர் காலத்தில் 1907-இல் வெளியான திருமண விதிமுறைப்படி, ஒருவருடைய திருமணத்தை அவருடைய திருமுழுக்குப் பதிவிலும் குறித்து வைக்க வேண்டும். புன்னைக்காயலில் திருமுழுக்குப் பெற்ற பெண் மணப்பாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால், அவ்வொரு வரியே நமக்கு வழிகாட்டும்.

மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் நம்மிடையே வழக்கம். இவற்றுக்குத் திருச்சபையின் விதிவிலக்கு தேவை. அதற்கான விண்ணப்பத்தில் இருவரும் எந்த முன்னோர் வழியில் உறவினர் என்பதைத் தெரிவித்தாக வேண்டும். அன்று விதிவிலக்குக்காக எழுதப்பட்ட தாள் இன்று நமக்குக் குடும்ப மரமாகப் பயன்படுகிறது.

இலத்தீன் எழுத்தில் மலைத்துவிட வேண்டாம். ஏட்டிலுள்ள யொசேபுஸ் நம் வீட்டுச் சூசை, பேத்ருஸ் இராயப்பர், பவுலுஸ் சின்னப்பர், யாக்கோபுஸ் யாகப்பர் அல்லது சந்தியாகு. பங்குகள் பிரிந்து பிரிந்து வளர்ந்தவை. இங்கே இல்லாத பதிவு தாய்ப்பங்கில் இருக்கக்கூடும்.

பங்குத்தந்தையின் இசைவு பெற்று, அவர் முன்னிலையிலேயே ஏட்டைப் பார்ப்போம். உப்புக்காற்றிலும் கறையானிலும் தாள்கள் நொறுங்கிவருகின்றன. முரட்டுத்தனமாகப் புரட்டும் ஒவ்வொரு விரலும் அவற்றின் ஆயுளைக் குறைக்கும்.

தேடப் புகுவோர் மனத்தையும் பக்குவப்படுத்திக்கொள்ள வேண்டும். பெருந்தனக்காரரைத் தேடிச் செல்லுமிடத்தில், ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளை அடக்கம் செய்த தாயைக் காண நேரலாம்; தந்தை பெயர் எழுதப்படாத பிள்ளையையும் காண நேரலாம். அவர்களும் நம்மவரே. அவர்கள் பெயரை மறைத்துவிட்டு எழுதும் வரலாறு வெறும் பெருமைப் பட்டியலாகிவிடும்.

ஏடு நாளையும் இருக்கக்கூடும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் நாளை இருப்பார் என்பது உறுதியில்லை. இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரருகில் சென்று அமர்வோமாக.