மேகத்தின் கணக்கு – 9: உச்சவரம்பு இல்லாத மீட்டர்

கிளவுட் எனப்படும் மேகக் கணிமையில் கணினியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் கணினியையும் சேமிப்பிடத்தையும் மணிக்கும் ஜிகாபைட்டுக்கும் இவ்வளவு என வாடகைக்கு எடுக்கின்றனர். அமேசான் தன் மும்பை மண்டலத்தை 2016-இல் தொடங்கிய பிறகு, மதுரை இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ இருப்பவர் ஒரு கடன் அட்டையை மட்டும் கொண்டு இந்திய மண்ணிலுள்ள சர்வரை இயக்க முடிகிறது. வாடகை எவ்வளவு என்பது மட்டும் பில் வந்த பிறகே முழுமையாகத் தெரிய வருகிறது.

அளந்து கட்டணம் வாங்குவதில் பிழையில்லை. மின்சாரமும் அப்படித்தான் விற்கப்படுகிறது. இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும் என்பதை மதுரை வீடுகள் நன்கு அறியும். ஆனால் அங்கே மீட்டர் வாசலில் இருக்கிறது, விகிதத்தை ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டு நிர்ணயிக்கிறது, அனுமதிக்கப்பட்ட மின்பளு ஓர் எல்லையாக நிற்கிறது. மேகக் கணிமையில் விற்பவரே விகிதத்தை வகுக்கிறார், மீட்டரையும் அவரே வைத்திருக்கிறார். பட்ஜெட் எச்சரிக்கை என்ற வசதி, செலவு வரம்பைத் தாண்டியதை மின்னஞ்சலில் தெரிவிக்குமே தவிர, தானாக எதையும் நிறுத்திவிடாது. அது நம்பியிருக்கும் கணக்கு விவரமும் பல மணி நேரம் தாமதமாகவே புதுப்பிக்கப்படுகிறது.

சிறு தொகைகள் சேரும் விதமும் கவனிக்கத்தக்கது. இணையத்தில் ஒரு சர்வரை அடையாளம் காட்டும் பொது ஐபிவி4 முகவரிக்கு, அது பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமேசான் 2024 பிப்ரவரி முதல் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது; மாதத்துக்கு ஏறத்தாழ 3.65 டாலர், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இதைவிட வியப்பானது அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஒரு நிகழ்வு: ஐரோப்பியப் பொறியாளர் ஒருவரின் காலியான சேமிப்பகத்துக்கு வெளியார் அனுப்பி, அனுமதி மறுக்கப்பட்ட கோடிக்கணக்கான கோரிக்கைகளுக்காக அவர் பெயரில் 1,300 டாலருக்கு மேல் பில் எழுந்தது. கண்டனம் கிளம்பிய பின், மே மாதத்தில் அந்த விதி மாற்றப்பட்டது. உச்சவரம்பு வைப்பது தொழில்நுட்பத்தால் இயலாது என்ற பழைய வாதமும் இப்போது எடுபடாது; ஏனெனில் அமேசானே 2025 ஜூலையில், வழங்கிய இலவசத் தொகை தீர்ந்தாலோ ஆறு மாதம் முடிந்தாலோ பணம் பிடிக்காமல் கணக்கை மூடும் திட்டமொன்றைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தியது. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளருக்குத்தான் அந்தப் பூட்டு இல்லை.

இந்தியாவில் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானியங்கிப் பிடித்தத்துக்கு ஓடிபி போன்ற கூடுதல் ஒப்புதல் வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி சிலரைத் தற்செயலாகக் காப்பாற்றுகிறது. எனினும் பணம் வங்கியில் நிற்குமே தவிர, பாக்கி தீர்வதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, பயனரை ஏமாற்றும் இணைய வடிவமைப்புகள் என 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தபோது, மென்பொருளைச் சேவையாக விற்று அதற்குத் தொடர்ந்து பணம் பிடிப்பதில் நிகழும் ஏமாற்றான ‘சாஸ் பில்லிங்’ என்பதையும் அதில் சேர்த்தது. இலவசக் காலம் கட்டணச் சேவையாக மாறுவதை அறிவிக்காமல் பணம் பிடிப்பது அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அறிவித்துவிட்டு வரம்பின்றி வசூலிப்பதை அந்த வாசகம் தொடவில்லை.

வழக்கென்று வந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முறையீட்டாளர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்தையே அணுகலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் மதுரையில் மனு செய்யலாம் என்பது சிறிய நன்மையன்று. ஆனால் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை அச்சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழிலால் பிழைப்பவருக்கு அது தரும் விலக்கின் வாசகமும் வாங்கிய பொருள்களையே குறிப்பிடுகிறது, சேவைகளை அல்ல. ஆகவே அண்ணா நகரில் வீட்டிலிருந்தபடி தனியாக இணையதளம் அமைத்துப் பிழைப்பவருக்கு அந்த வாசல் திறக்கும் என்பது உறுதியில்லை. பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் வடபழஞ்சி நிறுவனமோ, அதே பில்லை எடுத்துக்கொண்டு, ஒப்பந்தத்தில் விற்பவர் குறித்து வைத்த இடத்தில்தான் வழக்காட வேண்டியிருக்கும்.